எட்டாம் வகுப்புக்கு ஒரு விமான அருங்காட்சியகம்: இரண்டு சொதப்பல், ஓர் அட்டைப்பெட்டி

மூன்றாவது முறை சரியாக வந்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். முதல் இரண்டு முறை சொதப்பியபோதே எழுதியிருந்தால் வெறும் புலம்பலாகத்தான் இருந்திருக்கும்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் 38 பேர். விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஒரு பெண் மட்டும் மாமாவை வழியனுப்பக் கோயம்புத்தூர் விமான நிலைய வாசல் வரை போயிருக்கிறாள், அதுவும் வாசலோடு சரி. வீட்டிலிருந்தபடியே சுற்றிப் பார்க்கும்படி சில அருங்காட்சியகங்கள் தங்கள் கூடங்களை 360 டிகிரி படங்களாக இணையத்தில் போட்டு வைத்திருக்கின்றன, காசும் கிடையாது. புரொஜெக்டர் இருக்கிறது, நெட் இருக்கிறது, ஒரு பீரியட் போதும் என்று நினைத்தேன். அந்த ஒரு பீரியட் ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்டில் முடிந்தது.

முதல் முயற்சி: டேட்டன்

முதலில் எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்து டேட்டனில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகம். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்த ஊர் அது. திரையில் அம்புக்குறியைத் தட்டினால் அடுத்த இடத்துக்கு நகரும், மவுஸை இழுத்தால் தலையைத் திருப்புவது போலச் சுற்றும். வீட்டில் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து பார்த்தபோது வெண்ணெய் மாதிரி ஓடியது.

பள்ளியில் ஓடவில்லை. ஒவ்வொரு தடவை அம்பைத் தட்டும்போதும் படம் முதலில் மங்கலாக வந்து, கட்டம் கட்டமாகத் தெளிவாகும். லேப் இணைப்பில் ஓர் இடம் தெளிவாக 40 விநாடி ஆனது. என் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினேன். வேகம் வந்தது, ஆனால் காலையிலேயே பாதி டேட்டாவைத் தீர்த்திருந்ததால் பீரியட் பாதியில் அதுவும் நின்றுபோனது. ஜன்னலுக்குத் திரை கிடையாது, மதிய வெயிலில் புரொஜெக்டர் படம் சலவைக்குப் போட்டு வெளுத்த வேட்டி போலத் தெரிந்தது. இதெல்லாம் சமாளிக்கக்கூடிய கோளாறுகள்தான்.

பெரிய கோளாறு, நான் முன்கூட்டியே வழி வகுத்துக்கொள்ளாதது. அந்த அருங்காட்சியகத்தில் 350க்கும் மேல் விமானங்களும் ஏவுகணைகளும் இருக்கின்றன. பிள்ளைகள் “அந்தப் பக்கம் போங்க சார்”, “அந்த வெள்ளையா பெருசா இருக்கே, அதுக்குப் போங்க சார்” என்று கத்த, நானும் தட்டிக்கொண்டே போனேன். வெள்ளையாகப் பெரிதாக இருந்தது எக்ஸ்பி-70 வால்கிரி. ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்துக்காகச் செய்த ஆறு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். மொத்தமே இரண்டுதான் செய்தார்கள், ஒன்று 1966 ஜூனில் நடுவானில் மோதி விழுந்துவிட்டது, மிஞ்சியது இது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

அப்படித் தட்டிக்கொண்டே போனதில், முன்யோசனையே இல்லாமல் பாக்ஸ்கார் முன்னால் போய் நின்றோம். 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் அணுகுண்டு போட்ட பி-29 குண்டுவீச்சு விமானம் அது. பக்கத்திலேயே அந்தக் குண்டின் வெளிக்கூடு மாதிரியும் இருக்கிறது. “இது என்னங்க சார், தண்ணி டேங்கா?” என்று கேட்டான் ஒருவன். சொன்னேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்த அம்பைத் தட்டினேன். அன்று நான் செய்ததிலேயே மோசமான காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இன்னொரு தவறும் உண்டு, அது அறிவியல் வாத்தியாருக்கு அவமானம். ஆரம்பக் கூடத்தில் இரட்டை அடுக்குத் துணி இறக்கையோடு நின்ற விமானத்தைக் காட்டி, “உலகத்தின் முதல் விமானம் இதுதான்” என்று கம்பீரமாகச் சொன்னேன். முன்பெஞ்சில் இருந்த பெண் பெயர்ப்பலகையைப் பெரிதாக்கிப் படிக்கச் சொன்னாள். 1909 என்று இருந்தது. அது முதல் விமானம் இல்லை, ரைட் சகோதரர்கள் அமெரிக்க ராணுவத்துக்கு விற்ற விமானத்தின் மாதிரி. 1903இல் பறந்த அசல் வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் வான் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராணுவ விமானத்தின் அசலும் அங்கேதான். நல்லவேளையாக அந்த 1909 விற்பனைக் கதை கைவசம் இருந்தது. விலை 25,000 டாலர், மணிக்கு 40 மைல் வேகம் வரவேண்டும், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு மைலுக்கும் பத்து சதவீதம் கூடுதல். சோதனையில் 42 மைலைத் தாண்டியது, கையில் வந்தது 30,000. “ரெண்டு மைலுக்கு அஞ்சாயிரமா!” என்று வகுப்பு வாய்பிளந்ததில் என் தவறு மறைந்துபோனது.

பீரியட் முடியும்போது சும்மா ஒரு கேள்வி கேட்டேன்: ரைட் விமானம் எவ்வளவு பெரிசு இருக்கும்? கைகளை விரித்துக் காட்டினார்கள். பெரும்பாலோர் காட்டியது ஒரு பெஞ்ச் அளவு. ஒருவன் டி.வி.எஸ். எக்ஸெல் அளவு என்றான். வால்கிரியையும் அதே அளவுக்குத்தான் காட்டினார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் மேல் தப்பே இல்லை. திரையில் எல்லா விமானமும் இரண்டடி நீளம்தான். நான் ஒரு பீரியட் முழுக்கக் காட்டியது இரண்டடி நீளப் பொம்மைகளைத்தான்.

இரண்டாம் முயற்சி: அட்டைக் கண்ணாடி

அளவு புரிய வேண்டுமென்றால் தலையில் மாட்டும் வி.ஆர். கண்ணாடிதான் வழி என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். போனைச் செருகும் அட்டைக் கண்ணாடி, 2014இல் கூகுள் அறிமுகப்படுத்திய மாதிரி. லென்ஸோடு மடித்து வரும் செட், ஒன்று 160 ரூபாய், ஐந்து வாங்கினேன், 800. பள்ளிகளுக்கென்றே கூகுள் நடத்திய சுற்றுலாச் செயலி ஒன்று இருந்தது, அது 2021இலேயே மூடப்பட்டுவிட்டது என்பது கண்ணாடி வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. சரி, யூடியூபில் 360 வீடியோக்கள் இருக்கின்றனவே என்று அதில் இறங்கினேன்.

எனது போன், மூன்று ஆசிரியர்களின் போன், என் வீட்டுப் பழைய போன், ஆக ஐந்து. மாட்டிக்கொண்டு தலையைத் திருப்பினால் இரண்டில்தான் படம் திரும்பியது. மீதி மூன்றும் அசையாமல் நின்றன. அரை நாள் செயலியை அழித்து மறுபடி போட்டு, போனை ரீஸ்டார்ட் செய்து, கடைசியில் சென்சார் பட்டியலைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் என்ற சென்சாரே அந்த மூன்றிலும் இல்லை. விலை குறைந்த பல போன்களில் வைப்பதில்லை. இதைச் செய்ய நினைப்பவர்கள் கண்ணாடி வாங்கும் முன் போனில் கைரோ இருக்கிறதா என்று பாருங்கள், சென்சார் காட்டும் இலவசச் செயலி ஏதாவது போட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இரண்டு போன், 38 பேர். ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றாலும் 38 நிமிஷம். மாட்டியவன் “ஆ, ஊ” என்கிறான், மாட்டாத 36 பேர் சண்டை போடுகிறார்கள். நாலாவதாக மாட்டிய பையனுக்குத் தலைசுற்றி, வெளியே போய் உட்கார்ந்தான். பத்தாவது ஆளோடு நிறுத்திவிட்டேன். இப்போது அந்த ஐந்து கண்ணாடிகளும் பீரோ மேல் இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் 800 ரூபாய் கண்ணில் தெரிகிறது.

மூன்றாம் முயற்சி: டேப்பும் கயிறும்

விடுமுறை நாளொன்றில் ஸ்மித்சோனியனின் ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1927 மே 20 காலை சார்லஸ் லிண்ட்பர்க் நியூயார்க்கில் கிளம்பி, தனியாக, நிற்காமல், மறுநாள் இரவு பாரிஸில் இறங்கிய விமானம். அந்த விமானி அறையின் அளவு போட்டிருந்தது: அகலம் 94 செ.மீ., நீளம் 81 செ.மீ., உயரம் 130 செ.மீ. வீட்டு டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். எங்கள் வீட்டு பீரோவைவிடச் சிறிது. அதற்குள் 33 மணி 30 நிமிஷம் உட்கார்ந்திருக்கிறார்.

அப்போதுதான் திட்டம் மாறியது. திரையில் பார்ப்பதைக் குறைத்துக்கொள்வது, பார்த்ததைத் தரையில் அதே அளவில் போட்டுக் காட்டுவது. திரையில் நான்கே நிறுத்தம்: 1903 ரைட் ஃபிளையர், ஸ்பிரிட், பெல் எக்ஸ்-1, கடைசியில் நம்மூர்க் கதை ஒன்று.

நெட்டை நம்பவில்லை. முந்தின இரவு வீட்டில் உட்கார்ந்து, அருங்காட்சியகத்தில் நடந்து போவதையும் நான்கு விமானங்களின் படங்களையும் ஓபிஎஸ் மென்பொருளில் பதிவு செய்தேன். 720பி, மொத்தம் 14 நிமிஷம், பென்டிரைவில் 400 எம்பி. முதல் தடவை மவுஸை வேகமாக இழுத்ததில் பார்க்கவே தலை சுற்றியது. இரண்டாம் தடவை ஓர் இடத்தில் பத்து விநாடி அசையாமல் நின்று, பிறகு மெதுவாகத் திருப்பினேன். ஜன்னலுக்குப் பழைய போர்வை நான்கு, ஆணியில் மாட்டியது. பெயர்ப்பலகை எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் ஒவ்வொரு விமானத்துக்கும் தமிழில் சார்ட் எழுதி, நான்கு பிள்ளைகளை வழிகாட்டியாக நியமித்தேன். நான் பேசுவதைவிட அவர்கள் பேசினால் கவனிக்கிறார்கள். ஏன் என்று தெரியும், கேட்டால் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

இனி பெட்டி. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று போதும் என்று நினைத்துக் கடைவீதியில் 60 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். அகலம் 60 செ.மீ.தான் இருந்தது. லிண்ட்பர்க்குக்கே இடம் போதாத அறையை நான் இன்னும் சுருக்கிவிட்டேன். மறுபடி போய் இன்னொரு பெட்டி, இன்னொரு 60. இரண்டையும் ஒரு மூலையில் கட்டரால் பிளந்து, விரித்து, 94, 81, 130 என்று பென்சில் கோடு போட்டு, மடிப்பு வரும் இடத்தில் ஸ்பூன் காம்பால் அழுத்தி மடித்தேன். அழுத்தாமல் மடித்தால் அட்டை தன் இஷ்டத்துக்குக் கோணலாக மடியும். பிரவுன் டேப் ஒரு சுருளுக்கு மேல் போனது. ஒரு பக்கம் கதவு, மேலே திறப்பு. உள்ளே உட்கார லிண்ட்பர்க்குக்குப் பிரம்பு நாற்காலி, எடை குறைக்க. எங்களிடம் பிரம்பு மோடா ஒன்று இருந்தது, ஹெச்.எம். அறையிலிருந்து இரவல்.

முன்பக்கம் அட்டையால் முழுதாக அடைத்துவிட்டேன். அசலிலும் அப்படித்தான். பிரதானப் பெட்ரோல் டேங்கை விமானிக்கு முன்னால் வைத்ததால் முன் கண்ணாடியே கிடையாது. பக்கவாட்டு ஜன்னல்களும், முன்னால் இருப்பதைக் கண்ணாடி வழியாகக் காட்ட இடப்பக்கம் நீட்டக்கூடிய ஒரு சின்னப் பெரிஸ்கோப்பும்தான். கிளம்பும்போது 450 கேலன் பெட்ரோல், கிட்டத்தட்ட 1,700 லிட்டர். பிள்ளைகளுக்கு இருபது லிட்டர் வாட்டர் கேன் தெரியும். 85 கேன் என்று சார்ட்டில் எழுதினோம். எடை கூடும் என்று ரேடியோவையும் பாராசூட்டையும்கூட விட்டுவிட்டுப் போனவர், சாப்பாட்டுக்கு எடுத்தது ஐந்து சாண்ட்விச்.

பெரிஸ்கோப்தான் என்னை ஒரு மாலை முழுக்க உட்கார வைத்தது. ஃபேன்சி ஸ்டோரில் தலா 25 ரூபாய்க்கு இரண்டு சின்ன முகக்கண்ணாடி, மூன்றங்குலத்துக்கு இரண்டங்குலம். மிஞ்சிய அட்டையில் ஒரு சதுரக் குழாய், நீளம் ஓர் அடி. 45 டிகிரிக்குக் கோணமானி தேவையில்லை, ஒரு சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தால் வந்துவிடும். கண்ணாடிகளை ஒட்டிக் காயவிட்டு, குழாயை நிறுத்திவைத்துப் பார்த்தேன். எனக்குப் பின்னால் இருந்த சுவர்க் காலண்டர் தலைகீழாகத் தெரிந்தது. இரண்டு கண்ணாடிகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும், நான் ஒன்றை எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டேன். பத்தாண்டாக இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் வரைந்து வருகிறேன். ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருந்ததால் பிய்க்கும்போது கண்ணாடியின் ஒரு மூலை போய்விட்டது. இரண்டாம் தடவை முதலில் செலோடேப்பால் தற்காலிகமாக ஒட்டி, பார்த்து, பிறகுதான் பசை. பெட்டியின் இடப்பக்கம் துளை போட்டு, நிறுத்திப் பார்த்த குழாயைப் படுக்கைவாக்கில் செருகினேன்.

மைதானம். ரைட் ஃபிளையரின் இறக்கை 40 அடி 4 அங்குலம், 12.3 மீட்டர். எங்கள் வகுப்பறையே 24 அடிதான். முதல் பறத்தல் 120 அடி, 12 விநாடி. “120 அடி அளந்து வைங்க” என்று முந்தின நாள் ஐந்து பேரிடம் சொல்லிவிட்டு லேப்புக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கோடு பாதியிலேயே நிற்கிறது. டேப் வைத்து அளந்தேன், 27 மீட்டர். 36 மீட்டருக்கு மேல் வரவேண்டும். விசாரித்தால், ஒருவன் குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து ஒவ்வோர் அடியாக எண்ணி 120 அடி நடந்திருக்கிறான். அடி என்றால் அடிதானே! நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள். பி.டி. சாரின் 30 மீட்டர் டேப்பை வாங்கி, ஒருமுறை முழுதாகவும் மறுமுறை 6.6 மீட்டரும் வைத்து முடித்தோம்.

கோலப்பொடியால் கோடு போட்டது இன்னொரு முட்டாள்தனம். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரில் ஆளையே தள்ளும், சுற்றிலும் காற்றாலை நிற்பதே அதனால்தான். கோடு போட்டு நிமிர்வதற்குள் பொடி தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்டது. சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து மக்கில் ஊற்றிக்கொண்டே நடந்ததுதான் நின்றது. இறக்கைக்கு நைலான் கயிறு, இரண்டு முனையிலும் முளைக்குச்சி.

வெள்ளிக்கிழமை

முதலில் இருட்டறையில் வீடியோ, ஒரு நிறுத்தத்துக்கு மூன்றரை நிமிஷம். ஃபிளையரின் முன்னால் நின்றபோது வழிகாட்டிப் பெண் லண்டன் கதையைச் சொன்னாள். இந்தக் கதையை நான்தான் சொல்லிக் கொடுத்தேன், ஆனால் அவள் சொன்ன தோரணை வேறு, பங்காளிச் சண்டை மாதிரி. ஸ்மித்சோனியனின் செயலராக இருந்த சாமுவேல் லாங்லியும் ஒரு விமானம் செய்திருந்தார். ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால், 1903 டிசம்பர் 8 அன்று அது ஆற்றில் விழுந்தது. பிற்பாடு அதில் மாற்றங்கள் செய்து பறக்கவிட்டுப் பார்த்துவிட்டு, பறக்கும் திறன் கொண்ட முதல் விமானம் லாங்லியுடையதுதான் என்று ஸ்மித்சோனியன் சொல்லிக்கொண்டிருந்தது. கோபம் வந்த ஆர்வில், ரைட் சகோதரர்களில் இளையவர், 1928இல் தன் விமானத்தை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942இல் ஸ்மித்சோனியன் தன் பேச்சைத் திரும்பப் பெற்றது. விமானம் வாஷிங்டன் வந்து சேர்ந்தது 1948இல், ஆர்வில் இறந்த ஆண்டின் டிசம்பரில். விலை ஒரு டாலர். வேறெந்த விமானத்தையாவது முதல் விமானம் என்று ஸ்மித்சோனியன் அங்கீகரித்தால் ஃபிளையரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம். “பத்திரத்துலயே எழுதி வாங்கிட்டாங்க” என்று அவள் முடித்ததும் கைதட்டல்.

எக்ஸ்-1 நிறுத்தத்தில் எல்லோருக்கும் பிடித்தது துடைப்பக்கட்டை. 1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானி சக் யேகர் இந்த விமானத்தில்தான் ஒலியின் வேகத்தைத் தாண்டினார். இரண்டு நாள் முன்பு குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்திருந்தது. சொன்னால் பறக்க விடமாட்டார்கள் என்று மறைத்துவிட்டார். கதவை இழுத்துச் சாத்த வலக்கையால் முடியாது என்பதால் ஒரு துண்டுத் துடைப்பக்கட்டையை நெம்புகோலாக வைத்துக்கொண்டு சாத்தினார். வகுப்புத் துடைப்பத்தை எடுத்துப் பெட்டியின் கதவை இடக்கையால் சாத்திப் பார்த்தார்கள். கதவு கிழிந்தது, டேப் ஒட்டினோம்.

நான்காவது நிறுத்தத்துக்கு அருங்காட்சியகம் இல்லை, வெறும் படமும் வரைபடமும்தான். 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் சுமார் 6,500 கடிதங்களோடு யமுனையைத் தாண்டி நைனியில் போய் இறங்கினார், உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய் வரை தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து அதை மதராஸுக்கு ஓட்டிவந்தவர் நெவில் வின்சென்ட். வீடியோவில் இந்தப் பகுதி மிகவும் தட்டையாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். எல்லோருடைய கண்ணும் ஏற்கெனவே மைதானத்தில்.

வெளியே வந்ததும் இறக்கைக் கயிற்றைப் பார்த்து ஒரு விநாடி யாரும் பேசவில்லை. அப்புறம் “இவ்வளவு பெருசா?” என்று நாலைந்து குரல். கயிறு நெடுக 38 பேரும் வரிசையாக நின்றும் இடம் மிஞ்சியது. அத்தனை நீளத்துக்கு எடை 274 கிலோதான், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர். விமானி கீழ் இறக்கையில் குப்புறப் படுத்துக்கொண்டு இடுப்பை அசைத்துத் திருப்புவார் என்றதும் பெஞ்சைத் தூக்கிவந்து கயிற்றின் நடுவில் போட்டு, ஒவ்வொருவராகப் படுத்து ஆட்டிப் பார்த்தார்கள்.

பிறகு 120 அடி ஓட்டம். பி.டி. சார் ஸ்டாப் வாட்ச் பிடித்தார். எங்கள் ஓட்டக்காரன் 7 விநாடியில் ஓடி முடித்தான். ரைட்டுக்கு 12. “ஏனுங்க சார், அப்ப நான் விமானத்தை முந்திட்டேனா?” என்று கேட்டான். முந்திவிட்டான்தான். நான் விளக்க வாயைத் திறப்பதற்குள், சைக்கிளில் வரும் ஒரு பெண் சொன்னாள்: “எதிர்காத்து இருந்திருக்குமுங்க சார். ஆடியில சைக்கிள் மிதிச்சா தெரியும்.” அதேதான். அன்று ரைட் சகோதரர்கள் பறந்த கிட்டி ஹாக்கில் மணிக்கு 27 மைல், அதாவது 43 கிலோமீட்டர் எதிர்காற்று. தரையில் பார்த்தால் மணிக்கு 11 கிலோமீட்டர், காற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 54. ஓடியவனை மறுபடி காற்றுக்கு எதிராக ஓடவிட்டோம், எட்டு விநாடி சொச்சம் ஆனது.

பெட்டியில் ஆளுக்கு ஒரு நிமிஷம். பெரிஸ்கோப் வழியாக நண்பனின் விரலை எண்ணிச் சொல்லவேண்டும். உடைந்த மூலையால் யாருக்கும் குறையில்லை. கடைசி பெஞ்ச் பையன் ஒருவன், வழக்கமாக ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் உட்காராதவன், அடுத்த பீரியட் முழுக்க நான் உட்காருகிறேன் என்றான். தமிழம்மா அனுமதித்தார். நாற்பது நிமிஷம் கழித்துக் காலை உதறிக்கொண்டே வெளியே வந்தவன் கேட்டான், “இன்னும் எத்தனை பீரியட் சார்?” கணக்குப் போட்டோம். 33 மணி 30 நிமிஷம் என்பது 50 பீரியட், எங்கள் பள்ளிக்கு ஆறேகால் நாள். இன்னும் 49 என்றதும் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாம் முயற்சிக்கு ஆன செலவு: பெட்டி 120, கண்ணாடி இரண்டு 50, பிரவுன் டேப் இரண்டு சுருள் 90, கயிறு 80, சுண்ணாம்பு 60, சார்ட்டும் ஸ்கெட்சும் 70. மொத்தம் 470. பீரோ மேல் இருப்பதை இதில் சேர்க்கவில்லை.

அடுத்த முறை மாற்றவேண்டியவை சில. ஒரே நாளில் வீடியோவும் மைதானமும் கூடாது, இரண்டு நாளாகப் பிரிக்கவேண்டும், வெள்ளிக்கிழமை கடைசியில் மூச்சு வாங்கிவிட்டது. பெட்டியின் அடியில் பிளைவுட் பலகை வைக்கவேண்டும். மதியம் ஒரு காற்றடித்ததில் பெட்டி உருண்டு போர்வெல் வரைக்கும் போய்விட்டது. ரைட் விமானமும் அன்றைய நான்காவது பறத்தலுக்குப் பிறகு காற்றில் புரண்டு உடைந்ததுதான், மறுபடி பறக்கவே இல்லை. நம்மூர்க் கதைக்கும் கையால் செய்ய ஏதாவது வேண்டும், கடிதம் எழுதிக் கட்டுக் கட்டி எடை போடுவது போல. பாக்ஸ்காருக்கு ஒரு தனி பீரியட் கொடுக்கப்போகிறேன், சமூக அறிவியல் டீச்சரோடு சேர்ந்து, மைதானமும் ஓட்டமும் இல்லாமல்.

அந்த நான்காவது பறத்தல் 852 அடி, 59 விநாடி, அண்ணன் வில்பர் ஓட்டியது. அளந்தால் 260 மீட்டர். எங்கள் கேட்டைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, பால் சொசைட்டிக்கும் அப்பால் தென்னந்தோப்பு வேலியில் போய் முடிகிறது. கோடு போட ஹெச்.எம். இன்னும் சம்மதிக்கவில்லை, ரோட்டில் பஸ் வரும் என்கிறார். பெட்டியை ஆறாம் வகுப்பு எடுத்துப்போய் மளிகைக்கடை வைத்திருக்கிறது. பெரிஸ்கோப்பில் நல்ல கண்ணாடியை மட்டும் காணோம்.